சுற்றுச்சூழல், நிலைத்தன்மை பட்டப்படிப்பில் ஏன் இத்தனை பாடங்கள்?

பிளஸ் டூ முடித்தவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் இது. இந்தப் பல்துறை இளநிலைப் பட்டத்தில் உயிரியல், வேதியியலோடு பொருளாதாரம், சட்டம், சமூகவியலும் வரும். நிலைத்தன்மை என்றால், இன்று நாம் எடுப்பது அடுத்த தலைமுறைக்கு இல்லாமல் போய்விடாதபடி வாழ்வது.

ஏன் இத்தனை? வட சென்னையின் எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் வேர்களை எண்ணெய் என்ன செய்யும் என்பது உயிரியல். வலையும் படகும் பாழான மீனவருக்கு எவ்வளவு இழப்பு என்பது பொருளாதாரம், அதை யார் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். படகே இல்லாமல் கையால் இறால் பிடிப்பவர்கள் நிவாரணப் பட்டியலில் விடுபடக் கூடாது என்றால் ஊரோடு உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உயிரே அதுதான்.

வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்தால் பிளம்பர் கொத்தனாரைக் கைகாட்டுவார், கொத்தனார் பிளம்பரை. இருவர் வேலையும் புரிந்த ஒருவர் வந்தால்தான் கசிவு எங்கே என்று தெரியும். அப்படிப்பட்டவரை உருவாக்கும் படிப்பு இது.

இதைச் சுற்றுச்சூழல் பொறியியலோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கக் கற்றுத்தருவது பொறியியல், அது எங்கே வரலாம், யாரைப் பாதிக்கும் என்று ஆராய்வது இங்கே.