பரலோக நம்பிக்கை இருந்தால் அழக்கூடாதா?

"அம்மா இறந்துவிட்டார். 'பரலோகத்தில் இருக்கிறார், அழாதே' என்கிறார்கள். அழுவது விசுவாசக் குறைவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை.

பைபிளில் யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். புறப்படும் முன்பே சீடர்களிடம் சொல்லிவிட்டார். ஆனாலும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டதும் அவரும் கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் தீரப்போகிற துக்கத்துக்கே அவர் அழுதார் என்றால், உங்களை யார் தடுக்க முடியும்? அப்போஸ்தலர் பவுலும் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதும்போது துக்கப்படவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

சரி, அந்த நம்பிக்கை எது? இறந்தவர் மேகத்தில் மிதக்கிறார் என்பதல்ல. கிறிஸ்துவைப் போல உயிர்த்தெழுவோம் என்பது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 21-இல் பரிசுத்த நகரமான புதிய எருசலேம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. தேவன் மனிதரோடு குடியிருந்து, அவர்களுடைய கண்ணீரையெல்லாம் துடைப்பார். எனக்கு மிகவும் ஆறுதல் தரும் இடம் இதுதான். அங்கே 'அழாதே' என்ற அதட்டல் இல்லை, துடைக்கிற கை இருக்கிறது.

நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவதும் உண்டு. மறுமையை நம்புகிறவர்கள்தான் அவர்களும்.

அப்புறம் ஒன்று: அடுத்த முறை யாராவது 'அழாதே' என்றால், "அம்மாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.