கண்ணாடி கேபின் இருக்கட்டும், திண்ணை எங்கே?

கும்பகோணத்திலிருந்து ஒரு ஆடிட்டர் கேட்டிருக்கிறார்: "ஆபீஸுக்கு மாடியில் 800 சதுர அடி எடுத்திருக்கிறேன். அதற்கு மேலே மொட்டை மாடிதான். முகப்பு மேற்குப் பார்த்தது, முழுக்கக் கண்ணாடி. என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். இன்டீரியர்காரர் பெரிய ரிசப்ஷன், கடைசியில் எனக்குக் கண்ணாடி கேபின், டிசைன் சீலிங் என்று 3டி படம் காட்டி 9 லட்சம் சொல்கிறார். படம் அழகாகத்தான் இருக்கிறது. காசை எதில் போடுவது, எதில் குறைப்பது?"

அந்தப் படத்தில் ஆளே இல்லை, கவனித்தீர்களா? ஒரு தொட்டிச்செடி, இரண்டு காலி நாற்காலி, அவ்வளவுதான். உங்களிடம் வருபவர்கள் அப்படியா வருவார்கள்? திருவிடைமருதூரிலிருந்து அரிசி மண்டிக்காரர் வருவார், கூடவே தம்பி, மச்சினன், மஞ்சள் பை நிறைய பில்லு. செருப்பை வாசலில்தான் விடுவார்கள், ஐப்பசி கார்த்திகை என்றால் சொட்டும் குடை வேறு. இவர்கள் எங்கே உட்காருவார்கள், எந்த வழியாக உங்களிடம் வருவார்கள், உங்களிடம் பேசுவது யார் காதில் விழும் என்பதைத் தீர்த்துவிட்டு அழகுக்குப் போகலாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இது தெளிவாக இருந்தது. திண்ணை, ரேழி என்கிற நடை, உள்ளே கூடம். வழிப்போக்கருக்குத் திண்ணை போதும், வேண்டியவர்தான் கூடம் வரை வருவார். முதலாளி என்றால் கடைசி அறை என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, ஆடிட்டர் ஆபீஸுக்கு அது தப்பு என்பேன், ஏனென்றால் உங்களைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஊழியர்களின் மேஜைகளைத் தாண்டித்தான் வர வேண்டும், மேஜையில் அடுத்த கடைக்காரரின் லெட்ஜர் விரிந்து கிடக்கும். படி முகப்புப் பக்கம் ஏறுகிறது என்றால் கண்ணாடியை ஒட்டி காத்திருக்கும் இடம், அதை அடுத்து உங்கள் கேபின், அதற்கும் உள்ளே ஊழியர்கள். கேபினுக்கு இரண்டு கதவு: ஒன்று வருபவருக்கு, இன்னொன்று உங்கள் ஆட்களுக்கு. மேற்கு வெயிலும் கால் மணி நேரம் உட்காருபவரோடு போய்விடும், நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்ப்பவர் கண்ணில் அடிக்காது.

கேபின் கண்ணாடியா பலகையா என்பது பெரிய விஷயமில்லை. தடுப்பு எதுவரை போகிறது என்பதுதான் விஷயம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மயிலாடுதுறையில் ஒரு ஆபீஸ் செய்தேன், தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டேன். உள்ளே ஒருவர் கடன் கஷ்டத்தைச் சொல்ல, சீலிங்குக்கு மேலே இருந்த வெற்றிடம் வழியாக அது அட்சர சுத்தமாக வெளியே கேட்டது, வெளியே உட்கார்ந்திருந்தவர் அவருடைய சம்பந்தி. அதற்கப்புறம் எந்தத் தடுப்பையும் காங்கிரீட் தளம் வரை கொண்டுபோய் முட்டாமல் விட்டதில்லை. கதவின் அடி இடைவெளிக்கும் ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

வெயிலுக்கு வருவோம், உங்கள் பணத்தில் கணிசமான பங்கு இங்கேதான் போக வேண்டும். கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வெளியே தடுக்க வேண்டும்: மூங்கில் தட்டியோ, தகரச் சரிவோ, எதுவானாலும் கண்ணாடிக்கு வெளியே. மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்க வீட்டுக்காரரிடம் இப்போதே, அக்ரிமென்டுக்கு முன்பே, அனுமதி கேளுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு ஏசி எத்தனை டன் என்று கணக்குப் போட்டால் கடைக்காரர் முதலில் சொன்னதைவிடக் குறைவாக வரும். 2020-க்குப் பிறகு வந்த ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்கும், அப்படியே விடுங்கள்.

முகப்புக் கண்ணாடியில் இரண்டு பலகையாவது திறக்கிற மாதிரி இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும், 2018 நவம்பரில் கஜா வந்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் இருட்டு என்று உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர், பாதி விளக்கு, இரண்டு ஃபேன், இன்டர்நெட் பெட்டி, இவற்றுக்கு மட்டும் யூபிஎஸ் லைனைத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். சீலிங் மூடிய பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் இரண்டு மடங்கு கூலி. ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஃபேன் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதை மறக்காதவர் குறைவு.

டிசைன் சீலிங்கின் ஓரத்தில் ஒளிரும் லைட் வேண்டாம். மேஜை மேல் 500 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் வேண்டும், போனில் உள்ள ஆப் வைத்தே தோராயமாகப் பார்க்கலாம். அந்தக் காசை நாற்காலியில் போடுங்கள், செப்டம்பர் மாதம் ஆடிட் நெருக்கடியில் ராத்திரி பத்து மணி வரை உட்காரப் போவது அதில்தான்.

ஃபைல்களுக்கு மர அலமாரி சொல்லியிருப்பார். வேண்டாம், ஸ்டீல் ரேக். ஜிஎஸ்டி கணக்கே 72 மாதம் வைத்திருக்க வேண்டும், ஆற்றுப்படுகையில் கரையான் அதற்குள் மூன்று முறை வந்துபோகும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. மேஜைக்கு பார்ட்டிகிள் போர்டு என்றால் மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும், ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் (BWR) பிளைவுட் கேளுங்கள்.

அப்புறம் பூஜை மாடம். படத்தில் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவீர்கள்தானே? ஏசிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் நிற்காது, சீலிங்கும் கறுத்துப்போகும். காத்திருக்கும் இடத்தில், சன்னலை ஒட்டி வையுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்று அங்கே நின்றால் ரிசப்ஷனுக்கு மரப்பலகை அலங்காரமே தேவையில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரையும் வரச் சொல்லி, தரையில் சாக்பீஸால் மேஜைகளை வரையுங்கள், ஒவ்வொன்றும் நான்கடிக்கு இரண்டடி, நடை மூன்றடி. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கடைசி மேஜைக்காரரை எழுந்து பிரிண்டருக்குப் போய் வரச் சொல்லுங்கள். எத்தனை பேர் நாற்காலியை நகர்த்தினார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கோடு இன்டீரியர்காரரிடம் போங்கள்.