மரம் நகரக் கூடாது: மடக்கு ஒர்க்பெஞ்ச் பற்றிய கேள்விகளும் பதில்களும்

சேலம் கொண்டலாம்பட்டியில் எனக்குத் தச்சுப் பட்டறை இருக்கிறது. மாதத்தில் பாதி நாள்கள் ஏற்காட்டுப் பழைய வீடுகளில் கதவு, ஜன்னல், நிலை ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் வேலையில் கழிகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து பட்டறை மேசையைத் தூக்கிச் செல்ல முடியாது என்பதால், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் மடக்கு ஒர்க்பெஞ்சுகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஏற்காடு, காபித் தோட்ட வீட்டுக்காரர்: சில்வர் ஓக் பலகைகளைக் கொண்டு வீட்டு வேலைகளை நானே செய்கிறேன். முற்றம் சரிவாக இருக்கிறது. நான்கு கால் பெஞ்ச் நல்லதா, காலால் மிதித்து இறுக்கும் மூன்று கால் ஸ்டாண்டு நல்லதா?

உங்கள் முற்றத்துக்கு மூன்று கால்தான். மூன்று முனைகள் எந்த மேடு பள்ளத்திலும் ஒருசேரத் தரையைத் தொட்டு நிற்கும். நான்காவது கால் வந்தால் ஏதேனும் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அந்தக் காலுக்கு அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ வைத்துச் சமாளிப்பதைத்தான் எல்லோரும் செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட வீட்டில் நான்கு கால் பெஞ்சில் நிலைச் சட்டத்தைப் பிடித்து இழைத்துக்கொண்டிருந்தபோது, அடியில் வைத்திருந்த ஓட்டுத் துண்டு மழை ஈரத்தில் மண்ணுக்குள் அமிழ, பெஞ்ச் சாய்ந்து, சட்டத்தின் முனை என் கணுக்காலின்மீது விழுந்தது. மலையில் அதன்பின் நான் நான்கு கால் பெஞ்சை விரித்ததில்லை.

மிதி ஸ்டாண்டின் இன்னொரு நன்மை, இரண்டு கைகளாலும் மரத்தைத் தாங்கிக்கொண்டே காலால் தாடையை, அதாவது மரத்தைக் கவ்வும் இரு பக்கப் பலகைகளை, இறுக்கலாம் என்பது. தனியாக ஒரு கதவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியவருக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நீளமான சட்டம் இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெற்றுப் பக்கமாக அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் மூன்று கால் ஸ்டாண்டும் கவிழும். நீட்டிய முனைக்குத் தனியாக ஒரு முட்டு கொடுங்கள்.

கன்னங்குறிச்சி வாசகர்: ஒரு பெஞ்ச் 200 கிலோ தாங்கும், மற்றொன்று 450 கிலோ தாங்கும் என்கிறார்கள். இரண்டாவதை வாங்கலாமா?

தாங்கும் எடை வேறு, பிடிக்கும் விசை வேறு. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் முதலாவது. நாம் வைக்கும் கதவு முப்பது, நாற்பது கிலோவைத் தாண்டுவது அரிது. 200 கிலோவே மிகுதி. மரம் வழுக்காமல் இருப்பதைத் தீர்மானிப்பது தாடையின் இறுக்கமும் அதன் முகத்தில் உள்ள உராய்வும்தான். தாடை 100 கிலோ விசையில் இறுக்குகிறது, உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டால், இரண்டு முகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுப்பு வரை மரத்தை நகரவிடாது.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. பெஞ்சின் எடை 12 கிலோ, மேலே உள்ள மரம் 8 கிலோ, உயரம் 80 சென்டிமீட்டர், கால்களின் அகலம் 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இழைப்புளியை 15 கிலோ விசையில் முன்னே தள்ளினால் கவிழ்க்கும் திருப்பம் (விசை × தூரம்) 15 × 80 = 1200; எதிர்த்து நிற்பதோ, மொத்த எடையை அகலத்தில் பாதியால் பெருக்கினால், 20 × 25 = 500 மட்டுமே. பெஞ்ச் கவிழத்தான் செய்யும். உங்கள் பக்கத்துக் கால்களுக்கு இடையே மிதிபலகை இருந்து, அதன்மேல் ஒரு காலால் 40 கிலோ எடையை இறக்கினால் 40 × 50 = 2000 கூடுதலாகக் கிடைக்கும்; பெஞ்ச் அசையாது. ஆகவே கடைக்குச் சென்றால் மிதிபலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அம்மாப்பேட்டை, கைத்தறிக் குடும்பம்: தறியின் படமரம் (நெய்த துணியைச் சுருட்டும் மரம்) உருண்டையாக இருப்பதால் எதிலும் நிற்பதில்லை.

தாடையின் உட்பக்கம் ஆப்பு வடிவப் பள்ளம் வெட்டியிருக்கும் பெஞ்சாக வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டு வேப்பங்கட்டைகளில் அதே பள்ளத்தை வெட்டித் தாடைக்கும் உருளைக்கும் இடையே வைத்து இறுக்குங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: எந்தக் கம்பெனி நல்லது?

கம்பெனிப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தாடை, மிதிபலகை, விரித்த கால்களை மடங்காமல் நிறுத்தும் பூட்டு ஆகிய மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆத்தூர், பெரியவர் ஒருவர்: நாங்கள் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்து இழைத்தவர்கள். கோயில் தேர் செய்தவர்கள் எந்த பெஞ்சை வைத்திருந்தார்கள்? இதெல்லாம் வீண் செலவு.

ஐயா, உங்கள் சொல்லை நான் மறுக்க வரவில்லை. மேலே போட்ட கணக்கே உங்கள் பக்கம்தான் நிற்கிறது: தரை கவிழாது. பாதத்தால் பிடிக்கும்போது மரம் நடுங்குவது உடலுக்கு நேரடியாகத் தெரிகிறது; எந்தத் தாடையும் அந்த உணர்வைத் தருவதில்லை. என் தாத்தாவும் அப்படித்தான் வேலை செய்தார். ஆனால் உளியும் இழைப்புளியும் இருந்த இடத்தில் இன்று மின்சார வட்ட ரம்பமும், மரத்தில் பள்ளமும் விளிம்பும் குடையும் ரவுட்டரும் வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். சுழலும் பல்லுக்கு அருகே பாதத்தை வைக்கவே கூடாது.

ஓமலூர் வாசகர்: அப்படியானால் தரையிலேயே கிளாம்ப் போட்டு வேலை செய்யலாமே, உயரம் எதற்கு?

கைவாளால் அறுக்க முழங்கால் உயரமே போதும். உடல் எடை வாளின்மேல் இறங்கும். இழைக்கவும் உளி பிடிக்கவும் இடுப்பு உயரம் முதுகைக் காக்கும். இந்த வகைப் பெஞ்சைக் கண்டுபிடித்த ரான் ஹிக்மன், லோட்டஸ் எலான் காரை வடிவமைத்தவர். 1961இல் அலமாரி செய்யும்போது நாற்காலியையே மேடையாக வைத்து அறுத்து, நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டதில் பிறந்த யோசனை இது. அதை ஏற்க நிறுவனங்கள் தயங்கியதால் தாமே விற்கத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில்தான் பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவி நிறுவனம் அதைத் தயாரிக்க எடுத்துக்கொண்டது. மேல்பலகைகளையே நீண்ட வைஸாக (திருகி இறுக்கும் பிடியாக) மாற்றியதும், இரு முனைத் திருகுகளையும் தனித்தனியே திருப்பிச் சரிவான மரத்தையும் பிடிக்க வைத்ததும் அவருடைய பெரும் சாதனை. கால்களை மடக்கித் தாழ்த்தும் மாதிரிகளும் உண்டு. பெரியவர் கேட்டதற்கும் நீங்கள் கேட்டதற்கும் அதுவே நடுவழி.

ஆத்தூர், அதே பெரியவர்: அறுபது வயதில் முழங்கால் மடங்காதபோது உங்கள் பெஞ்சை நினைப்பேன்.

ஐயா, கொண்டலாம்பட்டிக்கு வாருங்கள். என் பெஞ்சில் ஒரு பலகையை இழைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏற்காடு, மற்றொருவர்: மழைக்காலத்தில் தாடை உப்பிவிடுகிறது.

அது அழுத்திய மரத்தூள் பலகை. கழற்றிவிட்டு ஈரத்தைத் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பிளைவுட்டில் அதே அளவுக்கு வெட்டிப் பொருத்துங்கள். ஓரங்களுக்கு இரண்டு முறை வார்னிஷ் அடியுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: அதிக கிலோ தாங்கும் பெஞ்ச் எது?

கன்னங்குறிச்சி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். தாங்கும் எடையைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஐந்து ரோடு வாசகர்: இதன்மேல் வைத்து வெல்டிங் செய்யலாமா?

கூடாது. பலகையும் பிளாஸ்டிக்கும் தீப்பிடிக்கும். இரும்பு மேசை செய்பவரிடம் கேளுங்கள்.

மேட்டூர் வாசகர்: மிதி ஸ்டாண்டில் கதவை வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது ரம்பம் இறுகி, பின்னால் எகிறுகிறது.

வெட்டுக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் தாடையும் முட்டும் சேர்த்துத் தாங்குவதால், மரம் நடுவில் தொய்ந்து வெட்டு மூடிக்கொள்கிறது. கதவின் பெரிய பகுதியைத் தாடையில் பிடியுங்கள். வெட்டுக் கோடு தாடைக்கு வெளியே இருக்கட்டும். வெட்டுப்படும் சிறு துண்டு தடையின்றிக் கீழே விழ இடம் விடுங்கள். துண்டு பெரிதாக இருந்தால் ஓர் ஆள் அதைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும். மேல்நோக்கித் தூக்க வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.