கணக்குக் கேள்வி–பதில்: ஏழு விழ எத்தனை வழி?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இரண்டு பகடைகளை உருட்டினால் கிடைக்கும் கூடுதல் 2 முதல் 12 வரை பதினொன்று என்பதால், கூடுதல் 7 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு 1/11 என்று எழுதினாள். விடைக்குறிப்பில் 1/6 என்று உள்ளது. அவளுக்கு எப்படி விளக்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடுதல்கள் பதினொன்று என்று அவள் எண்ணியது சரிதான், அவை பதினொன்றும் சம வாய்ப்புள்ளவை என்று வைத்துக்கொண்டதில்தான் கணக்கு இடறுகிறது. ஒரு பகடைக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசி உருட்டச் சொல்லுங்கள். கூடுதல் 2 ஆக வேண்டுமானால் இரண்டிலும் 1 விழ வேண்டும், வேறு வழியில்லை. 7 கிடைக்கவோ (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1) என ஆறு வழிகள் உண்டு. சிவப்பில் 3, நீலத்தில் 4 என்பதும், சிவப்பில் 4, நீலத்தில் 3 என்பதும் வெவ்வேறு விளைவுகள். சாயம் பூசாத பகடைகளுக்கும் இதே கணக்குதான், ஏனெனில் சாயத்தால் பகடை உருளும் விதம் மாறிவிடாது. ஆகவே கூறுவெளியில், அதாவது கிடைக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், உள்ள 6 × 6 = 36 விளைவுகளில் 6 சாதகமானவை. நிகழ்தகவு 6/36, அதாவது 1/6.

மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் நிகழ்தகவு 2/3 என்று 1754இல் எழுதியவர், பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர். முதல் முறையே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்ற மூன்றையும் அவர் சமமாக எண்ணிவிட்டார். முதலாவது நிலைக்குள் தலை–தலை, தலை–பூ என இரண்டு விளைவுகள் அடங்கியிருப்பதால் சரியான விடை 3/4.

கேள்வி: 360இன் காரணிகளின் எண்ணிக்கையைக் காண, 2³ × 3² × 5 என்று பகாக் காரணிப்படுத்திய பின், அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்குவது ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: 360இன் எந்தக் காரணியை எடுத்தாலும், அதில் 2 என்பது மூன்று முறையோ, இரண்டு முறையோ, ஒரு முறையோ இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். அந்த ‘இல்லாமலும்’ என்பதற்காகவே 1 கூட்டுகிறோம். இவ்வாறே 3க்கு மூன்று வாய்ப்புகள், 5க்கு இரண்டு; ஆக 4 × 3 × 2 = 24 காரணிகள். மூன்றும் இல்லாதபோது கிடைப்பது 1, அதுவும் காரணியே.

கேள்வி: 100க்கும் 300க்கும் இடையே 7இன் மடங்குகள் 27 ஆ, 28 ஆ?
– மாணவர், நெல்லை

பதில்: 28. இது 105, 112, ..., 294 என்ற கூட்டுத் தொடர்வரிசை. (294 − 105) ÷ 7 = 27 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை; உறுப்புகள் அதைவிட ஒன்று அதிகம். ஐயமிருந்தால், 105 என்பது 7 × 15, 294 என்பது 7 × 42 என்று எழுதிக்கொண்டு, 15 முதல் 42 வரை எண்ணிப் பாருங்கள்.