விறால் குழம்பு வைத்தது கொடுமையா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் தனியார் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். இருப்பு குறைகிறதென்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சும்மா உட்கார முடியாமல் சமையலில் இறங்கினேன். விறால் குழம்பு, இட்லிக்குக் கடப்பா, நெய் ஒழுக அசோகா அல்வா என்று தினம் ஒன்று. "சம்பளம் இல்லாத வீட்டில் என்ன விருந்து?" என்று மனைவி திருவாரூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது மனக்கொடுமை என்று விவாகரத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பெரிய கிரைண்டரும் தேக்சாவும் வாங்க அவள் சங்கிலியை அடகு வைத்தேன், மீட்டுக் கொடுத்துவிடுவேன். வீட்டிலிருந்தே சாப்பாடு பார்சல் விற்கலாமா?

பதில்: குழம்பு வைத்ததற்காக எந்த நீதிமன்றமும் விவாகரத்து கொடுக்காது. இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவில் கொடுமை ஒரு காரணம்தான். ஆனால் குடும்பத்தில் அன்றாடம் வரும் சின்ன உரசல்கள் அதில் சேராது என்று 2007-ல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (அசோகாவுக்கு எவ்வளவு நெய் என்ற சண்டையும் உரசல்தான்.)

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன சங்கிலிதான் எனக்கு உறுத்துகிறது. பிறந்த வீட்டில் போட்டதென்றால் அது சீதனம். முழுக்க அவர் சொத்து. கஷ்டத்துக்குக் கணவன் எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேக்சா வாங்கியது கஷ்டக் கணக்கில் வருமா, நீங்களே சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் எடுத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவில் நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுக்க இடமிருக்கிறது. கிரைண்டரை விற்றாவது முதலில் சங்கிலியை மீட்டு ஒப்படையுங்கள். பெற்றுக்கொண்டதாக எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்சலுக்கு அவசரப்படாதீர்கள். சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதன்பின், விசாரணைத் தாமதம் உங்களால் இல்லையென்றால், குறைந்தது 75 சதவீதம் பிழைப்பூதியம் உங்களுக்கு வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். வேறு தொழில் பார்க்கவில்லை என்று நிர்வாகம் கையெழுத்து கேட்கும். ஒரு பக்கம் விற்றுக்கொண்டு மறுபக்கம் கையெழுத்துப் போட்டால் வேலைக்கே உலை. ஜீவனாம்ச வழக்கு வந்தாலும் அந்த வரும்படியைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். விசாரணை முடிந்தபின் சமையலே தொழில் என்று முடிவெடுத்தால், சிறு அளவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும், லைசென்ஸ் தேவையில்லை.

நோட்டீஸுக்கு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள், சூடில்லாமல். தஞ்சாவூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குக்கு முன்பே இருவரையும் சமரசப் பேச்சுக்கு அழைப்பார்கள். அங்கே போகும்போது நகை மீட்ட ரசீது கையில் இருக்கட்டும்.