கியர்பாக்ஸ் ஆயில் பேனில் டிரெயின் பிளக்: கேள்வி பதில்

பழைய ஷெவ்ரோலே சில்வராடோ போன்ற அமெரிக்க பிக்கப்களில் வரும் 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பெரும்பாலும் ஆயில் வடிக்க பிளக் இருக்காது. அடியில் ஆயில் தங்கும் தட்டான பேனைக் கழற்றினால் பாதி ஆயில் பிடிக்கும் தட்டில், மீதி சட்டையில். கடையில் கிடைக்கும் பிளக் கிட்டை (பேனில் போடும் ஓட்டையில் நுழைத்து உள்ளே நட்டால் இறுக்கும் ஃபிட்டிங், வாஷர், அதில் திருகும் பிளக்) பொருத்துவது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள்:

ஓட்டையை எங்கே, எப்படிப் போடணும் சார்?

பேன் கீழே இறங்கிய பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். வண்டி நிற்கும் சாய்வில் எந்தப் பக்கம் தாழ்வோ அங்கே, வளைவை விட்டு விலகி, வாஷர் முழுக்கப் படியும் சமதளமாகப் பாருங்கள். நேர் கீழே கிராஸ்மெம்பரோ (வண்டிச் சட்டத்தின் குறுக்குக் கட்டை) சைலன்சர் பைப்போ வரக்கூடாது. அடியில் மரக்கட்டை வைத்து, சென்டர் பஞ்சால் ஒரு குத்து, 3 மி.மீ. டிரில், பிறகு ஓட்டையைப் படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் டிரில். பல கிட்களுக்கு ஓட்டை அரை அங்குலம் (12.7 மி.மீ.), உங்கள் கிட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அரத்தால் பிசிறை எடுங்கள். பிசிறு நின்றால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பேனுக்குள் இருக்கும் காந்தத்தையும் எடுத்துத் துடையுங்கள், டிரில் தூள் அதில்தான் ஒளிந்திருக்கும். நூல் உதிரும் துணி வேண்டாம். ஒரு இழை போய், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியில் சிக்கினால் கியர் மாறுவதே தகராறு ஆகிவிடும்.

உள்ளே வரும் நட் ஃபில்டரில் இடிக்காதா அண்ணா?

இடம் தப்பினால் இடிக்கும். அதனால் ஓட்டை போடும் முன்பே பாருங்கள் தம்பி. குறித்த இடத்தில் நட்டை வைத்து, அதன் மேல் ஒரு உருண்டை களிமண். கேஸ்கெட்டோடு பேனை நாலு போல்ட்டில் ஏற்றி, திரும்ப இறக்குங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உங்கள் இடைவெளி. நட்டுக்கு மேல் மரை எவ்வளவு நீட்டும் என்பதை அதில் கழித்த பிறகும் 3 மி.மீ. மிஞ்சாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். ஃபில்டர் ஆயில் உறிஞ்சும் வாய்க்கு நேர் கீழே வைக்கவே வேண்டாம்.

கிட்டுக்குப் பதில் பிளக் திருகும் நட்டைப் பேனில் வெல்டிங் வைக்கலாமா?

நல்ல வெல்டர் கிடைத்தால் அதுதான் கெட்டி. ஆனால் தகடு மெல்லியது, சூட்டில் விளிம்பு நெளிந்துவிடும். பேனைக் கனமான பிளேட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் பற்ற வையுங்கள்.

கைப்பிடி திருப்பினால் திறக்கும் வால்வு போடலாமா?

எஞ்சினுக்குச் சரி. கியர்பாக்ஸ் ஆயிலை அடிக்கடி வடிப்பதில்லை. அதற்காகக் கல்லில் அடிபடும்படி ஒன்றைத் தொங்கவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

பிளக் வைத்தாயிற்று, இனி பேனைக் கழற்றவே வேண்டாமா?

வேண்டும், ஃபில்டர் உள்ளேதான் இருக்கிறது. பிளக்கின் லாபம், முதலில் ஆயிலைச் சிந்தாமல் வடித்துவிட்டுப் பேனை இறக்கலாம் என்பதுதான். நட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் ஆயில் அடியில் தேங்கும், பதறாதீர்கள்.

வடித்தது சுமார் 5 லிட்டர்தான். மீதி எங்கே?

பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்). வடித்ததை அளந்து அதே அளவு டெக்ஸ்ரான் 6 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் சூடான பிறகு, எஞ்சின் ஐடிலில், பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள்.

பிளக்கைத் திருகினால் முழு ஃபிட்டிங்கும் சேர்ந்து சுற்றுகிறது!

வெளியே தெரியும் அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சுற்றியிருந்தால் உள் நட் தளர்ந்திருக்கும்; பேனை இறக்கி, மரையைத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் த்ரெட் லாக்கர் பசை போட்டு, புது வாஷரோடு இறுக்குங்கள். பேன் போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் கேஸ்கெட் பிதுங்கும்.