வயலில் கிடைத்த பட்டாளப் பொத்தான்கள்: கேள்வி-பதில்

கே: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் உழுத வயலில் சாம்பல் நிறப் பொத்தான் ஒன்று கிடைத்தது. நடுவில் 44. எந்தக் காலம்?

பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலப்பு உலோகத்தில் வார்த்தது என்றால் சாதாரணச் சிப்பாயுடையது. பிரிட்டிஷ் படையில் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண் போடும் வழக்கம் 1767-இல் வந்தது. 1855 வாக்கில் சிப்பாய்களுக்குப் பித்தளைப் பொத்தான் கொடுத்தார்கள். இடையிலுள்ள 90 வருஷத்தில் எங்கோ ஒன்று. பிரிட்டிஷ் பொத்தான் என்றால் 44-ஆவது கிழக்கு எஸ்ஸெக்ஸ் காலாட்படை. ஆனால் பிரெஞ்சுப் படையும் எண் போட்டிருக்கிறது. பின்பக்கம் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். படம் இரண்டு பக்கமும் வேண்டும் என்று எத்தனை தடவை எழுதுவது?

கே: சிங்கம், யூனிகார்ன், நடுவில் கேடயம். எந்த ரெஜிமென்ட்?

சொல்ல முடியாது. 1871-இல் சிப்பாய்களின் பொத்தானிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு, பெரும்பாலான படைகளுக்கு இந்த அரச சின்னத்தையே கொடுத்தார்கள். கிரீடத்தைப் பாருங்கள். மேல்வளைவு உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் 1901-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. நடுவில் பள்ளம் விழுந்தால் விக்டோரியா காலம் அல்லது இரண்டாம் எலிசபெத் காலம்.

கே: பின்னால் 'ஃபிர்மின், லண்டன்' என்று இருக்கிறது. அந்த அதிகாரி யார்?

பொத்தான் செய்த கம்பெனி.

கே: தங்கம் போல மின்னுகிறது, எடையே இல்லை.

நிறமேற்றிய அலுமினியம். 1950-களிலோ அதற்குப் பிறகோ செய்தது.

கே: அழுக்காக இருந்ததால் புளி போட்டு நன்றாக விளக்கினேன். தங்க நிறம் திட்டுத்திட்டாகப் போய்விட்டது. சரிசெய்ய வழி உண்டா?

இல்லை. மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கிறது. அதிகாரிகளின் பொத்தானில் இருப்பது மிக மெல்லிய தங்க முலாம். மண்ணுக்குள் 200 வருஷம் கிடந்ததில் அடியிலுள்ள செம்பும் பித்தளையும் பச்சை பிடித்து, முலாமைத் தூக்கி நிற்கும். புளி அந்தப் பச்சையைக் கரைக்கும், தங்கமும் கூடவே உரிந்து வரும். எலுமிச்சை, வினிகர், பிராஸோ பாலிஷ், கம்பி பிரஷ் எல்லாமே இதைத்தான் செய்யும். குத்துவிளக்கு வேறு, இது வேறு. போன வருஷம் ஒருவர் அனுப்பிய கடற்படைப் பொத்தானில் நங்கூரத்துக்கு மேல் கிரீடம் இருந்ததா என்பதே தெரியவில்லை, அவ்வளவு தேய்த்திருந்தார். அந்தக் கிரீடம் 1812-இல் வந்தது. காலத்தைச் சொல்ல அந்த ஒரு தடயம் போதும், அதைத்தான் அழித்துவிட்டார். பொத்தானை நிழலில் காயவிடுங்கள். உதிரும் மண்ணை மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். பியூட்டரை ஓக் மரப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்; மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதிலுள்ள ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடும்.

கே: திருச்சியில் எங்கள் நிலத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்தது. நின்ற சிங்கம், கையில் கிரீடம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தது, பொத்தான் அதற்கு முந்தையது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கும் பேச்சு அப்புறம்.

கே: இங்கிலாந்தில் பொது நடைபாதை ஓரமாகத் தேடலாமா? அங்கே அனுமதி வேண்டாமே?

நடக்கத்தான் அனுமதி வேண்டாம். மெட்டல் டிடெக்டர் போட நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், எழுத்தில் வாங்கி வையுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்றால் அவர் சம்மதமும் போதாது. உரிய அரசு அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்தினாலே குற்றம்.